“நூறு வருஷப் பழசு” என்று பில்லில் எழுதித் தருவோமா?

நமது கடையில் முப்பது வருஷமாகப் பற்று வைத்து மளிகை வாங்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் செங்கல்பட்டில் இருக்கிறார். நமது இளைய மகனுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். சென்ற கார்த்திகை மாதம் அவர் மாமல்லபுரம் போயிருந்தபோது ஒரு கைவினைப் பொருள் கடையில் ஆறடிக்கு நாலடி கம்பளம் ஒன்றை 38 ஆயிரம் ரூபாய் ரொக்கம் கொடுத்து வாங்கி வந்தார். “அசல் காஷ்மீர்ப் பட்டு, நூறு வருஷப் பழசு, ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வந்தது” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்த பணம்.

மார்கழியில் மகள் விடுமுறைக்கு வந்தார். கம்பளத்தை விரித்ததும் மேல் பக்கத்தைப் பார்க்காமல் ஒரு மூலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாராம். பிறகு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டாராம். மறுநாள் டீச்சர் நமது கடைக்கு வந்து, “ஐயா, நீங்க வியாபாரம் தெரிஞ்சவங்க, இதை ஒரு தடவை பாருங்க” என்றார். நமக்குத் துவரம்பருப்பைப் பற்றித் தெரியும், கம்பளத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் போனோம். அன்று அந்தப் பெண்ணிடம் இரண்டு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு நாமாகப் படித்து விசாரித்ததையும் நமது சங்க உறுப்பினர்கள் முன் வைப்பது கடமை என்று கருதியே இதை எழுதுகிறோம்.

அந்தப் பெண் இருப்பது அரிசோனா மாநிலம். அங்கே நவாஹோ என்ற பழங்குடி மக்கள் கம்பளியில் கையால் நெய்யும் விரிப்புகளைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய நவாஹோ விரிப்பு என்றால் நம்மூரில் பழைய தஞ்சாவூர் ஓவியத்துக்கு இருப்பது போன்ற மதிப்பு. இதில் நமக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அந்த விரிப்பை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? மளிகைக் கடைக்காரர்கள்!

1864-ல் அமெரிக்க ராணுவம் நவாஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து பல நூறு மைல் நடத்தியே கொண்டு போய் அடைத்து வைத்தது. 1868-ல் ஒப்பந்தம் போட்டுத் திரும்ப விட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு ஆடு வளர்ப்பும் தறியும்தான் பிழைப்பு. அந்த வனாந்தரத்தில் ஆங்காங்கே கடை போட்ட வியாபாரிகள் மாவு, சர்க்கரை, காப்பி, துணி ஆகியவற்றைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆட்டு ரோமத்தையும் நெய்த துணியையும் வாங்கிக்கொண்டார்கள். நமது பற்று வரவுக் கணக்கேதான். ரூபாய்க்குப் பதில் கம்பளி. அதுவரை அவர்கள் நெய்தது உடம்பில் போர்த்திக்கொள்ளும் போர்வை. மில் போர்வை மலிவாக வந்து இறங்கியதும் கைத்தறிப் போர்வைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. கடைக்காரர்கள் யோசித்தார்கள். 1880-களில் ரயில் வந்துவிட்டது. கிழக்கே பெரிய நகரங்களில் வீடுகளுக்குத் தரை விரிப்பு வேண்டும். “இன்னும் கனமாக நெய்யுங்கள், ஓரத்தில் கரை போடுங்கள்” என்று நெசவாளர்களிடம் சொன்னவர்கள் இந்தக் கடைக்காரர்களே.

1878-ல் கனாடோ என்ற ஊரில் கடையை விலைக்கு வாங்கிய ஹப்பெல் என்பவர், எந்த மாதிரி நெய்தால் விலை போகும் என்று காட்டுவதற்காகச் சிறு சிறு ஓவியங்களாக எழுதச் செய்து கடைச் சுவரில் மாட்டி வைத்தார். பாவுக்குப் பருத்தி நூல் கலப்பதை அவர் விரும்பவில்லை. கம்பளி என்றால் முழுக்கக் கம்பளியாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கிரிஸ்டல் என்ற ஊரில் கடை வைத்திருந்த மூர் என்பவர் 1903-லும் 1911-லும் வண்ணப் படங்களுடன் விலைப்பட்டியல் அச்சிட்டுத் தபாலில் அனுப்பி வியாபாரம் செய்தார். ஒரு காலத்தில் இந்த விரிப்புகளை எடை போட்டு ராத்தல் கணக்கில் வாங்கினார்கள். எடைக்கு விலை என்றதும் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாதா? ரோமத்தில் மண்ணும் பிசுக்கும் அப்படியே தங்கிவிட்டன. சரக்கு கெட்டது, பேர் கெட்டது. மூர் ரோமத்தை வெளியூர் அனுப்பிச் சுத்தம் செய்து வரவழைத்துத் தம் நெசவாளர்களுக்குக் கொடுத்துத்தான் தரத்தை மீட்டார்.

அந்த வியாபாரிகள் எல்லாரும் தர்மவான்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நெய்தவளுக்குக் கிடைத்தது மாவும் சர்க்கரையும். லாபம் வேறு இடத்துக்குப் போயிற்று. கடன் தீராமலே பல குடும்பங்கள் கடைக்காரரின் பேரேட்டில் கிடந்தன. ஆனாலும், எங்கே நெய்தது, எதில் நெய்தது என்று சொல்லி விற்கும் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் அவர்களில் சிலர். பழைய விரிப்புக்கு இன்று மதிப்பு இருப்பதற்கு அந்த விவரமே ஆதாரம்.

எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரே ஒரு செய்தி. 2012-ல் கலிபோர்னியாவில் ஒரு மனிதர், கால் ஊனமுற்று அரசு உதவித்தொகையில் பிழைத்தவர், பாட்டி வழியில் வந்த பழைய போர்வை ஒன்றை ஏலத்துக்குக் கொண்டுபோனார். அது 1800-களின் முற்பகுதியில் நெய்யப்பட்ட நவாஹோ போர்வை என்று தெரிந்தது. ஏலக் கமிஷனும் சேர்த்து 18 லட்சம் டாலருக்குப் போயிற்று; அன்றைய மதிப்பில் சுமார் 10 கோடி ரூபாய். வீட்டில் அதைப் பொருட்டாகவே யாரும் நினைக்கவில்லையாம்.

இப்படி விலை ஏறினால் போலியும் ஏறும். நவாஹோ கோலத்தை மெக்சிகோவிலும், சொல்லப்போனால் நமது நாட்டிலும் நெய்து அனுப்புகிறார்கள். கோலத்தைப் பார்த்து நெய்வது குற்றம் இல்லை. அதை நவாஹோ நெய்தது என்று சொல்வதே குற்றம். அமெரிக்காவில் 1990-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். பழங்குடியினர் செய்யாததைப் பழங்குடியினர் செய்தது என்று விற்றால் முதல் தடவையே இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை.

இனி நம் கரைக்கு வருவோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் கம்பளி ஏது? நமது பக்கத்துச் செம்மறி, சென்னைச் சிவப்பு என்று சொல்லப்படும் இனம். அதன் உடம்பில் இருப்பது முடி, நூற்கிற ரோமம் இல்லை. கறிக்குத்தான் ஆகும். ஆகவே மாமல்லபுரத்தில் விற்கும் கம்பளி விரிப்பு ஒவ்வொன்றும் வெளியூர்ச் சரக்கு. பெரும்பாலும் காஷ்மீரத்து வியாபாரிகள் கொண்டுவருவது. அவர்கள் ஊரில் 1990 வாக்கில் அமைதி கெட்டுச் சுற்றுலா படுத்தபோது பல குடும்பங்கள் தென்னாட்டுக் கடற்கரை ஊர்களுக்குக் கடை தேடி வந்தன. நம்மோடு சேர்ந்து வாடகை கட்டுகிறார்கள், வரி கட்டுகிறார்கள், நமது கடைகளில் மளிகை வாங்குகிறார்கள். அவர்களில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களை நமக்குத் தெரியும். ஒரு கடையின் குற்றத்தை ஒரு ஊர்க்காரர்கள் எல்லார் தலையிலும் கட்டுவது நமக்கு அழகல்ல. டீச்சருக்கு விற்ற கடையை நடத்துபவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் இங்கே நாம் சொல்லப் போவதில்லை.

நல்ல காஷ்மீரக் கம்பளம் எளிய பொருளன்று. கோலத்தை முதலில் தாலிம் என்ற குறியெழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். எந்த வரியில் எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பது அதில் இருக்கும். பழைய மளிகைக் கடைகளில் விலையைக் குறியெழுத்தில் எழுதி வைப்போமே, அதைப் போல வெளியாளுக்கு விளங்காது. சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு, 400 முடிச்சு என்று கணக்கு. ஒவ்வொன்றும் விரலால் போட்டது. ஒரு விரிப்புக்கு மாதங்கள் போகும், பெரியதானால் வருஷம் போகும். 2016-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022 முதல் சோதித்துச் சான்றளித்த கம்பளத்தில் செல்போனால் படிக்கும் கியூ.ஆர். சீட்டு ஒட்டுகிறார்கள், எங்கே எதில் நெய்தது என்ற விவரம் வந்துவிடும். டீச்சர் வாங்கியதில் அப்படி ஒரு சீட்டும் இல்லை.

மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று நாம் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறோம். காப்பித்தூளில் சிக்கரி இருந்தால் குளிர்ந்த நீரில் தூவியதும் அது நிறம் விட்டு இறங்குவதைப் பார்க்கிறோம். கம்பளத்துக்கும் அப்படிச் சில கைப்பழக்கச் சோதனைகள் உண்டு. பின்பக்கம் திருப்பினால் முன்பக்கத்துக் கோலம் அப்படியே தெரிய வேண்டும், முடிச்சுகளும் அச்சு வார்த்த மாதிரி இல்லாமல் சிறிதும் பெரிதுமாக இருக்க வேண்டும். குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக உள்ளிருந்து வர வேண்டும். தனியாகத் தைத்திருந்தால் மெஷின் சரக்கு என்று சந்தேகப்படலாம். நவாஹோ விரிப்பில் இது தலைகீழ். அவர்கள் பாவை அறுக்காமல் மடக்கி நெய்வதால் பெரும்பாலும் குஞ்சமே இருக்காது, இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ரோமத்திலிருந்து ஒரு இழை பிடுங்கிக் கொளுத்தினால் கம்பளியும் பட்டும் முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும், சாம்பல் நொறுங்கும். செயற்கைப் பட்டு காகிதம் போல எரியும். பாலியெஸ்டர் உருகி முத்தாக உறைந்துவிடும். டீச்சர் வீட்டுக் கம்பளத்தின் குஞ்சம் தைத்தது. இழை எரிந்தபோது காகித வாசனைதான் வந்தது. டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போது “நூறு வருஷப் பழசு” என்ற சொல்லுக்கு வருவோம். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள், கைவினைப்பொருள் எல்லாம் தொல்பொருள். அதை விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதியே இல்லை; மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆகவே உரிமம் இல்லாத கடைக்காரர் வெளிநாட்டுப் பயணியிடம் “நூறு வருஷம்” என்று சொல்லும்போது இரண்டில் ஒன்று நிச்சயம். ஒன்று, அவர் சொல்வது பொய். அல்லது, அவர் செய்வது சட்டவிரோதம். மூன்றாவது வழி கிடையாது. டீச்சரின் மகள் அந்தக் கம்பளத்தோடு விமான நிலையத்துக்குப் போய், “இது நூறு வருஷப் பழசு” என்று பெருமையாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நமது கோரிக்கை சிறியது. கைவினைப் பொருள் விற்கும் உறுப்பினர்கள் பில்லில் “கார்ப்பெட் 1 உருப்படி” என்று எழுதாமல், எதில் நெய்தது, கையா மெஷினா, எந்த ஊர்ச் சரக்கு, புதுசா பழசா, பழசு என்றால் ஏறக்குறைய எத்தனை வருஷம் என்று எழுதித் தர வேண்டும். வாயால் சொல்வதைக் கையால் எழுத வேண்டும், அவ்வளவே. இதைச் சென்ற கூட்டத்தில் சொன்னபோது ஒரு நண்பர் எழுந்து, “ஆட்டோக்காரருக்கும் கைடுக்கும் கமிஷன் கொடுத்துவிட்டு உண்மையும் எழுதினால் கடையைச் சாத்த வேண்டியதுதான்” என்றார். அவர் கஷ்டம் நமக்குப் புரியாமல் இல்லை. சீசன் நாலு மாதம், வாடகை பன்னிரண்டு மாதம். ஆனால் அந்தக் கமிஷனை ஏற்றி ஏற்றி இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது யார்? நாமேதான், ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு. அதையும் சங்கம் உட்கார்ந்து பேசட்டும். ஒரு வாடிக்கையாளர் ஏமாந்தால் அந்தக் கடைக்கு மட்டும் நஷ்டமில்லை. டீச்சர் இப்போது மாமல்லபுரத்தில் கல் பிள்ளையார் வாங்கக்கூட யோசிக்கிறார். 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பம் அது. செதுக்கியவர் என்ன பாவம் செய்தார்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழைய விரிப்பு சேகரிக்க வருகிறவர்களுக்குக் காட்ட நம்மிடமே சரக்கு உண்டு. வாலாஜாபேட்டையிலும் தஞ்சை அய்யம்பேட்டையிலும் ஒரு காலத்தில் கம்பளம் நெய்தார்கள். தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றி ஹாரிஸ் என்ற அதிகாரி எழுதிய நூலைச் சென்னை அரசு அச்சகம் 1908-ல் வெளியிட்டது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. 1985-ம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட பொருள். அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பேரில் நமது ஜவுளிக் கடைகளிலேயே அடுக்கியிருக்கிறது. இதை எழுதும்போது நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நமது தகப்பனார் காலத்தில் கல்லாவுக்குப் பின்னால் மெத்தையின் மேல் விரித்திருந்த பவானி ஜமக்காளத்தை, கடையை மாற்றிக் கட்டியபோது பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினோம். மற்றொன்று பரணில் கிடந்ததால் தப்பியது. அதைத் துவைத்து வேப்பிலை போட்டு மடித்து, எங்கே எப்போது வாங்கியது என்று அம்மா சொன்னதை ஒரு சீட்டில் எழுதி ஓரத்தில் தைத்து வைத்திருக்கிறோம்.

டீச்சரின் கதைக்கு வருவோம். தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அவரை அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். கடைக்காரர் முதலில், “விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை” என்றார். நாம் சண்டை போடவில்லை. “நீங்கள் சொன்னது உண்மை என்றால், பட்டு, கையால் நெய்தது, நூறு வருஷம் என்று இந்தப் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், போய்விடுகிறோம்” என்று பேனாவை நீட்டினோம். அவர் பேனாவை வாங்கவில்லை. சற்று நேரம் கழித்து டீ வரவழைத்தார். 3 ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அன்றே 20 ஆயிரம் கொடுத்தார். பாக்கி 15 ஆயிரம் மாசி மாதம் வந்து சேர்ந்தது.