காயத்துக்கு வரும் பணமும் சம்பளச் சிட்டையும்



இப்பக்கத்தில் நாம் வழக்கமாக நீரிழிவு, கொலஸ்ரோல், முதுகுவலி என்று எழுதுவோம். இம்முறை வேலைத்தலத்தில் காயப்பட்டவரின் வீட்டுக்கு வரும் பணத்தைப் பற்றி எழுத விரும்புகின்றோம். பணத்துக்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். வாடகை கட்ட வழியில்லாதவர் காயம் ஆறுமுன்பே வேலைக்கு ஓடுகின்றார். ஆறாத கையோடு மறுபடியும் பாரம் தூக்குகின்றார். இதுதான் தொடர்பு.

யேர்மனியில் விபத்துக் காப்புறுதிச் சட்டம் 1884 இல், பிஸ்மார்க் காலத்தில் வந்தது. இதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுகின்றார். தொழிலாளியின் சம்பளத்தில் இதற்கென ஒரு சதமும் கழிவதில்லை. உணவகம், துப்புரவு, முதியோர் இல்லம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பெருஃப்ஸ்கெனோசன்ஷாஃப்ட் உண்டு. மினிஜொப் செய்பவருக்கும் இந்தக் காப்பு உண்டு. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும்.

காயப்பட்டவருக்கு முதல் ஆறு கிழமைகளும் பொதுவாக முதலாளியே முழுச் சம்பளம் கொடுப்பார். அதன் பின்னர் 'ஃபெர்லெட்ஸ்டன்கெல்ட்' என்னும் விபத்துக் கொடுப்பனவு தொடங்கும். இது புரூட்டோச் சம்பளத்தில் 80 வீதம். ஆனால் நெட்டோச் சம்பளத்தை மிஞ்சக்கூடாது. சாதாரண நோய்க்குக் கிராங்கன்காஸ கொடுப்பது புரூட்டோவில் 70 வீதம்தான். அதுவும் நெட்டோவில் 90 வீதத்தைத் தாண்டாது. ஆகவே, "வீட்டுப் படியில் விழுந்தேன் என்று டொக்டரிடம் சொல்லும்" என்று முதலாளி கேட்டால் அதற்கு உடன்படக்கூடாது என்பது எமது உறுதியான கருத்து. அவர் சொந்தக்காரராக இருக்கலாம், ஊரவராக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு பொய்யால் மாதாந்தக் கொடுப்பனவு குறைகிறது; பின்னாளில் கிடைக்கக்கூடிய விபத்து ஓய்வூதியமும் கைநழுவிப் போகிறது. 'டே-ஆர்ட்ஸ்ட்' எனப்படும் விபத்து வைத்தியரிடம் அன்றே போய், வேலையில் நடந்தது என்று சொல்லிப் பதிய வேண்டும். மூன்று நாட்களுக்கு மேல் வேலைக்குப் போகமுடியாவிட்டால், விபத்தை அறிவிப்பது முதலாளியின் கடமை.

அடுத்தது, கையில் வாங்கும் காசு. சிட்டையில் மினிஜொப், மிச்சம் கவரில் என்று வேலை செய்பவர்கள் எம்மவரிடையே இருக்கின்றார்கள். கறுப்பில் வேலை செய்தாலும் விபத்துக் காப்பு அற்றுப்போவதில்லை, வைத்தியமும் கிடைக்கும். ஆனால் கொடுப்பனவு கணக்கிடப்படுவது வருமானத்தை வைத்து. சிட்டையில் 500 யூரோவும் கவரில் 900 யூரோவும் வாங்கியவர், அந்த 900 ஐ எப்படி நிரூபிப்பார்? வரியில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம், காயப்பட்ட நாளில் கணக்கில் இல்லாமல் போகின்றது. மாறாக, இரவு வேலைக்கும் ஞாயிறு வேலைக்கும் சட்டப்படி கிடைக்கும் மேலதிகப் பணம் வரியற்றதாக இருந்தாலும் விபத்துக் காப்புறுதிக் கணக்கில் சேரும். ஆகவே அது சிட்டையில் வருகிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

மூன்றாவது, குடும்பங்களில் பேசப்படாத விடயம்: வரி வகுப்பு. கணவருக்கு மூன்றாம் வகுப்பு, மனைவிக்கு ஐந்தாம் வகுப்பு என்பது எம்மவர் பலரின் வழக்கம். மனைவியின் புரூட்டோ 2,500 யூரோ, ஐந்தாம் வகுப்பில் நெட்டோ 1,400 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 80 வீதம் என்றால் 2,000 யூரோ. ஆனால் நெட்டோவைத் தாண்ட முடியாது என்பதால் கணக்கு 1,400 இல் நின்றுவிடும். அதிலும் ஓய்வூதியத்துக்கும் வேலையில்லாக் காப்புறுதிக்கும் அவருடைய பங்கு கழியும். மாதாமாதம் கையில் கூட வருகின்றதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆண்டு முடிவில் இருவரும் சேர்ந்து வரிக்கணக்குக் காட்டும்போது, எந்த வகுப்பில் இருந்தாலும் மொத்த வரி ஒன்றுதான். குறைவது மனைவிக்குக் கிடைக்கும் கொடுப்பனவு மட்டுமே. விபத்து நடந்த பின்னர் வகுப்பை மாற்றிப் பயனில்லை. நாலும் நாலும் எடுப்பதைப் பற்றி இப்போதே கணவனும் மனைவியும் இருந்து பேச வேண்டும்.

இன்னொன்று, இந்தக் கொடுப்பனவுக்கு வரி இல்லை என்று கேட்டுவிட்டுச் சிலர் அதை மறந்துவிடுகின்றார்கள். அதற்கு நேரடி வரி இல்லைத்தான். ஆனால் குடும்பத்தின் மற்ற வருமானத்துக்கு எத்தனை வீத வரி என்று தீர்மானிக்கும்போது இதையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஆண்டில் 410 யூரோவுக்கு மேல் இப்படிப் பெற்றால் வரிக்கணக்குக் கொடுப்பது கட்டாயம். ஃபினான்ஸ்அம்ட் கடிதம் வரும்போது திகைக்காமல் இருக்க, மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். கொடுப்பனவு எடுக்கும் காலத்தில் வேறு கடையில் "சும்மா ஒரு உதவிக்கு" என்று நின்று சம்பாதித்தால், அந்த நெட்டோ வருமானமும் கழிக்கப்படும். மறைத்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

விபத்து ஓய்வூதியம் வேறு விதம். உழைக்கும் திறன் குறைந்தது 20 வீதம் குறைந்து, அது விபத்து நடந்து 26 கிழமைக்கு மேலும் நீடித்தால் கிடைக்கும். முழு ஓய்வூதியம் ஆண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆண்டுக்கு 30,000 யூரோ உழைத்தவருக்கு அது 20,000 யூரோ. 20 வீதப் பாதிப்பு என்றால் ஆண்டுக்கு 4,000 யூரோ. இதற்கு வருமான வரி இல்லை. மீண்டும் முழுநேரம் வேலைக்குப் போனாலும் சம்பளத்தைக் காரணம் காட்டிக் குறைக்க மாட்டார்கள். குறைந்த சம்பளக்காரருக்கும் பகுதிநேர வேலைக்காரருக்கும் சட்டம் ஓர் ஆகக்குறைந்த ஆண்டு வருமானத்தை வைத்தே கணக்கிடுகின்றது. மினிஜொப் தானே என்று யாரும் விட்டுவிடக்கூடாது.

இது பிச்சையல்ல, உழைப்போடு சேர்ந்து வந்த உரிமை. இந்த வாரமே வீட்டில் கடைசிச் சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். செய்த மணித்தியாலம் எல்லாம் அதில் இருக்கின்றதா, எந்த வரி வகுப்பு என்று இருவரும் பாருங்கள். வாசிக்கக் கடினமாக இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லுங்கள்.