மடை தெரிந்தவனுக்குப் பவளமும் தெரியும்



சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன், வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். ஒரு பவளம் சதை உரிந்து பாதி வெளுத்து நிற்கிறது. "கடைக்காரர் பெரிய பம்ப்பாகப் போடச் சொன்னார் மாமா" என்கிறான்.

தஞ்சாவூரில் பிறந்தவன் கேட்கிற பேச்சா இது? மடைவாயில் தண்ணீர் நேராக அடித்தால் நாற்று சாயும். வடியாமல் தேங்கினால் அழுகும். பவளமும் அப்படித்தான். ஓரிடத்தில் ஒட்டி வாழும் உயிர் அது. இரையும் ஆக்சிஜனும் நீரோட்டத்தில்தான் வரவேண்டும். கழிவும் அதில்தான் போகவேண்டும். ஆனால் கடலில் அலை வரும், திரும்பும். ஒரே பக்கமிருந்து ஓயாமல் அறையாது. ஆகவே, எதிரெதிராக இரண்டு சிறிய பம்ப் வை, மாறிமாறி ஓடட்டும். கிளைவிடும் பவளத்துக்கு ஓட்டம் வலுவாக இருக்கலாம். சதைப்பற்றான பவளத்துக்கு மெதுவாகத்தான் வேண்டும்.

"அப்படியானால் நாங்களும் வளர்க்கலாமா சார்?" என்று இங்கே இருப்பவர்கள் கேட்காதீர்கள். கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு கடினப் பவளங்களும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போனதற்கு, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியதும் காரணம். மிச்சமிருப்பதைப் பிடுங்கி வந்து வீட்டுக் கூடத்தில் வைப்பது பொழுதுபோக்கா? திருட்டு.

பார்க்க ஆசையென்றால் மண்டபம் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே பம்ப் தேவையில்லை, கடலே பார்த்துக்கொள்ளும்.