விழுந்த மரமெல்லாம் விறகுதானா?

(பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

சங்க நூல்களுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் நம் கடற்கரையைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தில், கடலலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரத்தை நுளைமகளிர் விறகாக எரித்தார்கள் என்பது அச்செய்தி. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். புலவர் அதனை நாட்டு வளத்தின் பெருமையாகப் பாடினார். மணமுள்ள மரத்தையே விறகாக்கும் அளவுக்கு அன்று வளம் இருந்தது. இன்று நம்மிடம் அந்த வளம் இல்லை. விலையுயர்ந்த மரத்தை விறகாக்கும் வழக்கம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

அங்கத்தினர்கள் இதனை மிகைப்படுத்திய கூற்று என்று எண்ண வேண்டா. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் சாலையோர நிழலை ஒரே பகலில் அழித்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே, நம் வீட்டு வாசலிலேயே கரையேறியது. இவை போக, மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தும் பணி, மின்கம்பிக்கு இடையூறு, புதுக் கட்டடம் என்று பல காரணங்களால் ஊர்தோறும் மரங்கள் அகற்றப்படுகின்றன. அகற்றப்பட்ட மரங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். இயந்திர வாள் துண்டு போடுகிறது, லாரி வருகிறது, எடை போட்டு ஏற்றுகிறது, செங்கற்சூளையில் கதை முடிகிறது.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. அதனை மறைத்துவிட்டுப் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையாகாது. ஃபெஞ்சல் புயலின்போது, என் ஆய்வுக்கு உட்பட்ட நெசவாளர் சங்கம் ஒன்றின் வளாகத்தில் நின்ற பழைய பூவரசு சாய்ந்தது. அதனை அறுத்துத் தறிகளுக்குப் பயன்படுத்தலாம் என்று நிர்வாகக் குழுவினர் கருதி, தாழ்வாரத்தில் உருட்டி வைத்திருந்தனர். ஆய்வுக்குச் சென்ற நான், சங்கச் சொத்து கணக்கில் கொண்டுவரப்படாமல் கிடக்கிறது, துணைவிதியில் மரவேலைக்கு இடமில்லை, உடனே ஏலத்தில் விற்று வரவு வைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். குறிப்பில் விதிப்படி பிழை ஏதும் இல்லை. மரம் எடைக்கு விலை போயிற்று. ஆறு மாதம் கழித்து அதே சங்கத்தின் செலவுச் சீட்டுகளைப் புரட்டியபோது, தறிக்கால்களும் மிதிகட்டைகளும் செய்ய நகரத்திலிருந்து மரம் வாங்கிய பட்டியல் ஒன்று என் கையில் கிடைத்தது. விறகு விற்று வந்த தொகையைப்போல் அது பல மடங்கு. பக்கத்தில் நின்ற முதிய அங்கத்தினர் ஒருவர், "ஐயா, மரத்தை விற்றது தப்பில்லை, விறகாக விற்றதுதான் தப்பு" என்றார். ஆய்வு அறிக்கையில் எழுதுவதற்குரிய வாக்கியம் அது. நான் எழுதியிருக்கவில்லை.

அம்முதியவர் சொன்னதைக் கணக்காகவே பார்ப்போம். ஆறடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள ஓர் அடிமரத்தை எடுத்துக்கொள்வோம். மரவணிகர் கையாளும் கால்சுற்று முறைப்படி, சுற்றளவில் நான்கில் ஒரு பங்கு ஒன்றரை அடி. அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் 22.5 கன அடி. இதே அடிமரம் புளியாக இருந்தால் பச்சையில் ஏறக்குறைய ஒரு டன் எடை நிற்கும். எடை மேடையில் அது ஒரு டன் விறகு. அளவு நாடாவின்கீழ் அது 22.5 கன அடி மரம். அறுக்கும்போது பட்டையும் தூளும் புறத்துண்டுமாகப் பாதி கழிந்தாலும் பதினோரு கன அடிப் பலகை மிஞ்சும். விறகின் டன் விலையையும் பலகையின் கன அடி விலையையும் தத்தம் ஊர் அங்காடியில் விசாரித்து, இவ்விரண்டு தொகைகளையும் அங்கத்தினர்கள் தாமே ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். நான் சொல்ல வேண்டியது அதற்குமேல் அதிகம் இராது.

நம் ஊர் மரங்களின் குணம் நம் தச்சர்களுக்குத் தெரியாததன்று. பூவரசு நெருங்கிய இழையுடையது, ஈரத்துக்கு அஞ்சாதது; வண்டிக்கும் படகுக்கும் முன்னோர் அதனை நாடியது அதனால்தான். தறிக்கால், படைமரம், மிதிகட்டை ஆகியவற்றுக்கும் அது நன்கு உதவும். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது. சங்கத்துக் கிடங்கில் துணி அடுக்கும் அலமாரிக்கும் பெட்டிக்கும் அதனினும் ஏற்றது வேறு தேட வேண்டா. வாகையின் வைரம் செக்குக்குப் பெயர் பெற்றது. திண்டிவனம் வட்டாரம் மணிலாக்கொட்டைக்குப் பெயர் பெற்றது; மரச்செக்கு எண்ணெய்க்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டிருக்கும் இந்நாளில், வாகை அடிமரத்தைச் சூளைக்கு அனுப்பிவிட்டுச் செக்குக்கு மரம் தேடி அலைவது விந்தையாகும். புளி அறுக்கக் கடினமானது. ஆனால் உலக்கைக்கும் இறைச்சிக் கடைக் கட்டைக்கும் அதற்கு இணையில்லை. தூங்குமூஞ்சி மரத்தை நாம் மதிப்பதில்லை; தாய்லாந்திலும் ஹவாய்த் தீவுகளிலும் அதைக் கடைந்து கிண்ணமும் தட்டும் செய்து விற்கிறார்கள். பண்ருட்டிப் பலாவோ தஞ்சாவூர் வீணையாகும் தகுதி உடையது.

உப்பளத் தொழிலாளரையும் இங்கே நினைக்க வேண்டும். உப்பு நீரில் இரும்பு நிற்பதில்லை. பாத்தியில் உப்பு வாரும் பலகையும் அதன் காம்பும் மரத்தால் ஆவதே வழக்கம். மரக்காணத்து அளங்களுக்கு ஆண்டுதோறும் வேண்டிய இப்பலகைகளை, நம் சாலையில் விழும் மரத்திலிருந்தே செய்து கொடுக்கலாம். தறிக்கும் செக்குக்கும் அளத்துக்கும் தேவை இருக்கும்வரை, சந்தையைத் தேடிக் கடல் கடக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

தென்னை வளர்ப்போருக்கு ஒரு சொல். கஜா புயலுக்குப் பின் அரசு அறிவித்த நிவாரணம் தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 600 ரூபாய் இழப்பீடு, 500 ரூபாய் மரத்தை வெட்டி அகற்றும் செலவு. அதாவது, விழுந்த மரம் செலவு வைக்கும் குப்பையாகவே கணக்கிடப்பட்டது. மடிந்த தென்னையைத் தோப்பிலேயே விட்டு வைக்கவும் இயலாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும். ஆனால் முதிர்ந்த தென்னையின் வெளிவட்டம் உறுதியான மரம், நடுப்பகுதிதான் மென்மையானது. பிலிப்பைன்ஸ் நாட்டினர் 1970களிலிருந்தே இதனை ஆராய்ந்து, வெளிவட்டத்தை விட்டத்துக்கும் தூணுக்கும், உட்பகுதியைச் சுமை தாங்காத வேலைகளுக்கும் என்று பிரித்துப் பயன்படுத்தினர். 2013இல் ஹையான் புயல் அங்கே 3 கோடிக்கு மேற்பட்ட தென்னைகளை வீழ்த்தியபோது, விழுந்த மரங்களைத் தோப்பிலேயே அறுத்து, வீடிழந்தோரின் வீடுகளுக்குப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு வந்த துன்பம் நமக்கு வந்ததைவிடப் பெரிது. அதற்கு அவர்கள் முன்கூட்டியே கற்று வைத்திருந்த கல்வி துணை நின்றது.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பிரித்தல். மரம் விழுந்த அன்றே அடிமரம் வேறு, கிளை வேறு என்று பிரிக்க வேண்டும். இரண்டடித் துண்டாக வெட்டிய பின் எந்தத் தச்சனாலும் அதனை மரமாக்க முடியாது. அடிமரத்தைக் குறைந்தது எட்டடி நீளமாக விட்டு வைக்குமாறு வெட்டுவோரிடம் சொல்வதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகராட்சி, தெருவிலிருந்து அகற்றிய மரங்களைக் குவிக்கும் தன் கிடங்கில், 2016 முதல் இவ்வாறு தரம் பிரித்து, நல்ல அடிமரத்தை மரவேலைக்கும் எஞ்சியதை மரத்தூளுக்கும் எருவுக்கும் அனுப்பி வருகிறது. அங்கு நடந்த மாற்றம் பிரித்து அடுக்கியதில் தொடங்கியது.

இரண்டாவது, காத்தல். வெட்டிய முகங்களில் மெழுகோ சாயமோ பூசினால் வெடிப்பு குறையும். அறுத்த பலகையைத் தரையில் படாமல் உயர்த்தி, இடையிடையே குச்சி வைத்து, காற்றோடும் கூரையின்கீழ் பல மாதங்கள் ஆற வைக்க வேண்டும். வெளிற்றுப் பகுதியைப் பூச்சி அரிக்காதிருக்க வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் உதவும். பச்சை மரத்தில் செய்த தறி ஓராண்டில் முறுக்கிக்கொள்ளும் என்பதை நெசவாளர்க்கு நான் கூற வேண்டியதில்லை. சாலையோர மரத்தில் விளம்பரப் பலகையின் ஆணிகள் புதைந்திருக்கும். அறுக்குமுன் அவற்றைத் தேடி எடுக்காவிடில் வாளின் பல் போய்விடும்.

மூன்றாவது, கூடுதல். ஒரு சங்கத்துக்கு ஆண்டில் ஒரு மரமோ இரண்டு மரமோ கிடைக்கும். அதற்கெனத் தனியே கிடங்கு வைப்பது பொருந்தாது. ஐந்தாறு சங்கங்கள் சேர்ந்து ஒரு கூரையும், அளந்து பதிய ஒரு பேரேடும், கூலிக்கு ஒரு தச்சரும் வைத்துக்கொண்டால் போதும். தனி ஒருவரால் ஓராண்டு காத்திருக்க இயலாது. கையில் காசில்லாதவன் பச்சையிலேயே விற்பான். காத்திருக்கும் ஆற்றலைத் தருவதே கூட்டுறவு. 1904இல் நம் நாட்டில் கூட்டுறவு தோன்றியதும், விளைந்த அன்றே கடன்காரனுக்கு அளந்து கொடுக்கும் நிலையிலிருந்து உழவனை மீட்பதற்காகத்தானே?

நான்காவது, சட்டம். அரசு நிலத்து மரம் எவருக்கும் இலவசமன்று. மாவட்டப் பசுமைக் குழுவின் இசைவும் முறையான ஏலமும் வேண்டும். ஏலத்தில் சங்கமும் கலந்துகொள்ளலாம். அடிமரம் தனியாகவும் விறகு தனியாகவும் ஏலம் விட வேண்டும் என்று சங்கங்கள் கூடி விண்ணப்பிப்பது நியாயமே. அரசுக்கும் அதனால் வருவாய் கூடும். மரத்தை ஏற்றிச் செல்வதற்கு 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் உள்ளன. எந்த மரத்துக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதை வனத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு அறுவை ஆலைகளின்மீது கட்டுப்பாடு மிகுந்துள்ளது. ஆதலின் சங்கம் ஆலை வைக்க முனைய வேண்டா; உரிமம் பெற்ற ஆலையில் கூலிக்கு அறுத்துக்கொள்வதே எளிது. துணைவிதியில் இடமில்லையெனில் பொதுப்பேரவையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவு செய்து கொள்ளலாம். நான் தாழ்வாரத்து மரத்தை விற்கச் சொல்லியதற்குப் பதிலாக, இந்த வழியைச் சொல்லியிருக்க வேண்டும்.

இத்திட்டத்துக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும், இரண்டும் மதிக்கத்தக்கவை. மரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்றால், நிற்கும் மரத்தையும் வெட்டத் துணிவார்களே என்பது ஒன்று. அச்சம் பொய்யன்று. ஆகையால், புயலாலோ முறையான ஆணையாலோ அகற்றப்பட்டது என்ற சான்று இல்லாத எந்த மரத்தையும் கிடங்கு ஏற்கலாகாது என்பதைத் துணைவிதியிலேயே எழுதிவிட வேண்டும். பேரேட்டில் மரம் நின்ற இடமும் விழுந்த நாளும் பதியப்படல் வேண்டும். வரும் இலாபத்தில் ஒரு பங்கு கன்று நடவும், நட்டதை மூன்றாண்டு காக்கவும் ஒதுக்கப்படல் வேண்டும்.

ஏழையின் அடுப்புக்கு விறகு வேண்டாவா என்பது மற்றொன்று. வேண்டும். கிளையும் சுள்ளியும் அவர்களுக்கே உரியவை. அவற்றின்மீது கிடங்கு கை வைக்கலாகாது. ஆயின் லாரியில் ஏறிச் சூளைக்குப் போகும் அடிமரம் எந்த ஏழையின் அடுப்புக்கும் போகவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். மரம் நிற்கும்போது அதன் மதிப்பை நிழலில் உட்கார்ந்து நாம் உணர்கிறோம். விழுந்த பின் அதன் மதிப்பை உணரக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவம் வருமுன், அங்கத்தினர்கள் தத்தம் சங்கப் பொதுப்பேரவையில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிக்க வேண்டுகிறேன். தீர்மானம் ஒரு வரியில் அமையலாம்: சங்க எல்லைக்குள் விழும் மரத்தின் அடிமரத்தை அளந்து பதியாமல் விற்கலாகாது.

ஆய்வுக்கு வரும்போது அந்தப் பேரேட்டைத்தான் நான் முதலில் கேட்பேன். தாழ்வாரத்தில் மரம் கிடந்தால், விற்கச் சொல்லிக் குறிப்பு எழுத மாட்டேன். அதன்மேல் கூரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.