எரேமியாவின் வசனம், அனனியாவின் செய்தி

குமரி மாவட்டத்தில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போனவர்களுக்கு அந்தத் தட்டு தெரியும். கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன அட்டைகள். ஆளுக்கு ஒன்று எடுக்கணும். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். நீட் எழுதப்போகிற பிள்ளை ஒன்று எடுக்கும். விசா வராமல் காத்துக் கிடக்கிறவன் ஒன்று எடுப்பான். அட்டையில் ஒரு வசனம் இருக்கும். அதை யார், யாருக்கு, எப்போது சொன்னார்கள் என்பது இருக்காது.

இதைப் பக்தி என்கிறோம். எனக்கு இது குலுக்கல் சீட்டாகத்தான் தெரிகிறது. வேதத்தைக் கும்பிடத் தெரிந்த நமக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

அந்தத் தட்டில் அநேகமாக இருக்கும் வசனம் எரேமியா 29:11. கர்த்தர் உனக்கு நல்லதைத்தான் நினைத்து வைத்திருக்கிறார் என்ற பொருளில் வருவது. சரி, அதிகாரத்தைத் திறப்போம். அது ஒரு கடிதம். கிமு 597ல் பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதியது. அந்த வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால் போனால், எப்போது விடுதலை என்று இருக்கிறது: 70 வருஷம் கழித்து. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பமாட்டார்கள், அங்கேயே செத்துப்போவார்கள் என்று அர்த்தம்.

இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போங்கள். 28ல் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற அனனியா இல்லை, இவர் வேறு. எரேமியா கழுத்தில் கிடந்த நுகத்தைப் பிடுங்கி ஜனங்கள் முன்னால் முறித்துப் போட்டு, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறார். எல்லாரும் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். வேதம் அவரைப் பொய் சொன்னவர் என்கிறது. அதே வருஷம் அவர் செத்தும் போகிறார்.

இப்போது அட்டையைத் திரும்பப் பாருங்கள். 'இந்த வருஷமே நடக்கும்' என்று அது உங்களிடம் சொல்கிறது. வசனம் எரேமியாவுடையது, செய்தி அனனியாவுடையது.

'ஒரு அட்டை தருகிற ஆறுதலைக்கூட ஏன் கெடுக்கிறாய்?' என்று கேட்கலாம். அடுத்த டிசம்பர் வரும். விசா வந்திருக்காது. அப்போது அட்டை கொடுத்தவர்கள் யாரும் அட்டையைக் குறை சொல்வதில்லை, 'தம்பிக்கு விசுவாசம் போதலை' என்பார்கள். இந்தப் பழியைச் சுமந்தே சபையை விட்டுப் போனவர்கள் என் நண்பர்களில் உண்டு.

முழு அதிகாரத்தையும் வாசித்திருந்தால் நமக்கு இதைவிடப் பெரிய ஒன்று கிடைத்திருக்கும். சிறைபிடித்துக் கொண்டுபோன ஊரில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை குட்டி பெறுங்கள், அந்த ஊர் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்கிறார் எரேமியா. பாதிப் பேரைத் துபாய்க்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற நம்மைவிட இந்தக் கடிதம் வேறு யாருக்குப் பொருந்தும்? ஆனால் இது அட்டையில் வராது. இதில் உடனே கிடைப்பது ஒன்றும் இல்லையே.

என் தொழில் மென்பொருள். ஒரு பிழை வந்தால் லாக் ஃபைலில் ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறவனை எந்த டீமிலும் வைத்துக்கொள்ளமாட்டோம். அதற்கு முன்னால் என்ன நடந்தது, எது எதைக் கூப்பிட்டது என்று பார்க்கணும். ஆபீசில் காட்டுகிற இந்தக் கவனத்தை ஞாயிற்றுக்கிழமை செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம்.

ஆறுதல் வசனங்களோடு இது நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலையும் மணக்குடியையும் சுனாமி அள்ளிக்கொண்டு போனது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆண்கள் கடலிலிருந்து திரும்பவில்லை. இரண்டு முறையும், இது ஜனங்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று வசனம் காட்டிப் பேசியவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன். லூக்கா 13ஐ அவர்கள் திறக்கவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதோடு விடவில்லை, மனந்திரும்ப வேண்டியது நீங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்புகிறார். பிரசங்கி கரையில் நின்றுகொண்டு கடலில் போனவனின் பாவத்தை எண்ணுவதற்கு அங்கே இடமே இல்லை.

இன்னொன்று, பெண்கள். சபையில் பெண்கள் பேசக்கூடாது என்பதற்கு 1 கொரிந்தியர் 14:34ஐத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அங்கே பெண்கள் ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனமும் சொல்கிறார்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் பவுல் வாதாடுகிறார். ரோமர் 16ல் பெபேயாள் வருகிறார். ரோமருக்கு எழுதிய அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனவரே அவர்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாம் இன்றும் வாசிக்கிற 1871ன் மொழிபெயர்ப்பு அவரை 'ஊழியக்காரி' என்கிறது. கொலோசெயர் முதல் அதிகாரத்தில் பவுல் தன்னைச் சொல்லிக்கொள்வதும் 'ஊழியக்காரன்'தான். கிரேக்கத்திலும் இரண்டும் ஒரே சொல். 'ஊழியக்காரன்' என்றால் நம் காதில் பிரசங்க பீடம் கேட்கிறது. 'ஊழியக்காரி' என்றால் துடைப்பம் கேட்கிறது. மொழிபெயர்ப்பாளர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். கோளாறு நம் காதில். தென்னிந்தியத் திருச்சபையில் 2013ல் ஒரு பெண் பேராயரே வந்தாச்சு, நம் காது இன்னும் வரவில்லை.

'மக்ளே, எளிய ஜனங்களுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? விசுவாசிச்சா போதும்' என்பார்கள் பெரியவர்கள். மரியாதையோடு மறுக்கிறேன். 1806ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது, எழுத்துப் பக்கமே விடக்கூடாது என்று சாதி ஒதுக்கி வைத்திருந்த ஜனங்கள்தான் நம் முன்னோர்கள். கோயிலோடு கூடவே பள்ளிக்கூடமும் வந்தது, வேதத்தைத் தானே வாசிக்கணும் என்பதற்காக. ஏட்டைத் தொடவிடாதவர்களிடமிருந்து பிடுங்கி வாங்கிய உரிமை அது. அதைக் கொண்டுபோய் ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற இலக்கியக்கார நண்பர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். பழைய ஏற்பாட்டில் கொடூரமான நாலு வரியைப் பொறுக்கி ஸ்டேட்டஸ் போடுகிறவர் செய்வதும் அட்டை விளையாட்டுதான். தட்டுதான் வேறு.

கிரேக்கமும் எபிரேயமும் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் குடி ஒன்றும் முழுகாது. வசனம் கையில் கிடைத்தால் அந்த அதிகாரம் முழுவதையும், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரத்தையும் வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்போடு 1995ல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கே யோசிக்க ஒன்று இருக்கிறது. தனியாக வாசிக்காதீர்கள், உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதமாகவும் அடுத்தவனுக்கு அடியாகவும் ஒரு வசனம் பட்டால், அங்கே நின்று இரண்டாம் முறை வாசியுங்கள்.

போதகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரசங்கம் முடிந்ததும் பத்து நிமிஷம் ஜனங்களைக் கேள்வி கேட்க விடுங்கள். வசனம் அந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்கும். தாங்காமல் போனால், விழுந்தது பிரசங்கம்தான்.