ஐசிங் இல்லாத துண்டு

பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டியதும், "உனக்கு இது ஆகாதுல்லம்மா, கொஞ்சம் மிக்சர் வைக்கட்டுமா?" என்று அன்போடு கேட்பவர்கள் என்னைச் சுற்றி நிறைய உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். எனக்குக் கேக் ஆகும். அதன் மேல் பூசுவதும் ஊற்றுவதும் தூவுவதும்தான் பெரும்பாலும் ஆகாது.

காரணம், உணவில் ஹிஸ்டமின் கூடினால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஹிஸ்டமின் நம் உடம்பிலேயே சுரக்கும் பொருள். உணவிலும் உண்டு. புரதத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை நுண்ணுயிர்கள் மாற்றும்போது அது உருவாகிறது. முதிர்ந்த சீஸிலும் ஒயினிலும் வெயிலில் கிடந்த சூரை மீனிலும் அது கூடுதலாக இருப்பது இதனால்தான். உணவோடு உள்ளே போகும் ஹிஸ்டமினைச் சிறுகுடலில் டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடும். இந்த நொதி போதாதவர்களுக்குத் தலைவலி, முகம் சிவத்தல், அரிப்பு, மூக்கடைப்பு, வயிற்று உப்புசம், படபடப்பு என்று ஆளுக்கு ஒரு விதமாக வரும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா மைன்ட்ஸ், நடாலியா நோவாக் இருவரும் 2007-இல் இதைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார்கள். கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி இந்த நொதியை ஏராளமாகச் சுரப்பதால், சில பெண்களுக்கு அந்த மாதங்களில் மட்டும் தொல்லை விலகி நிற்பதும் உண்டு.

வேர்க்கடலை அலர்ஜி உள்ளவருக்கு ஒரு துளி பட்டாலே ஆபத்து. இங்கே கணக்கு வேறு. பல குழாய்களிலிருந்து ஒரே குடத்தில் விழும் தண்ணீர்போல, காலை முதல் சாப்பிட்டதெல்லாம் சேர்ந்துகொண்டே வரும், வழியும்போதுதான் தெரியும். மதியம் முந்தின நாள் மீன் குழம்பு, கூடவே தக்காளித் தொக்கு, மாலையில் ஒரு துண்டு கேக். இரவில் தலை இடித்தால் பழி கேக்கின் மேல் விழுகிறது. உண்மையில் பாரம் ஏற்றியது பழைய மீனாக இருக்கலாம். ஹிஸ்டமின் சூட்டில் அழியாது. குழம்பை மறுபடி கொதிக்க வைப்பதால் அது குறையப் போவதில்லை.

கேக்கின் அடிப்படைப் பொருள்களை எடுத்துப் பாருங்கள்: மைதா, வெண்ணெய், சர்க்கரை, பால், முட்டை. எல்லாம் புதிதாக இருந்தால், இதில் அஞ்ச வேண்டியது குறைவு. முட்டையின் வெள்ளைக்கருவை, தவிர்க்க வேண்டிய உணவுகளின் பட்டியல்கள் பல சந்தேகிக்கின்றன. அதற்கான சான்று வலுவாக இல்லை என்றாலும் என் கேக்கில் மஞ்சள் கரு மட்டும்தான். 100 கிராம் வெண்ணெயும் 120 கிராம் சர்க்கரையும் வெளுக்கும் வரை அடித்து, மூன்று மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 150 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 100 மில்லி பால், ஏலக்காய்ப் பொடி கலந்து, 170 டிகிரியில் அரை மணி நேரம் வேகவிட்டால், பொன்னிறத்தில் மெத்தென்று வந்து நிற்கும். மாம்பழக் காலத்தில் பக்கத்தில் பங்கனப்பள்ளித் துண்டுகள், மற்ற நாளில் லேசாக வேகவைத்த ஆப்பிள். மிஞ்சியதை அன்றைக்கே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன்.

எனக்கு ஆகாதவை மேலே வருபவைதான்: சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, அக்ரூட். ரெட் வெல்வெட்டில் கோகோவும் மோரும் வினிகரும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் ரம் இருந்தால் இரட்டைச் சிக்கல். ஆல்கஹால் அந்த நொதியின் வேலையையே தடுக்கக்கூடியது.

நம் வீட்டு இனிப்புகள் பல இந்த விஷயத்தில் பெரிய கொடை. இட்லி மாவுதான் புளிக்க வேண்டும், இடியாப்ப மாவு புளிக்க வேண்டாம். சுடச்சுட இடியாப்பத்தில் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிட்டால், வேறு பண்டமே வேண்டாம் என்று தோன்றும். பால் பாயசம், முந்திரி போடாத ரவா கேசரி, பூரணக் கொழுக்கட்டை எல்லாமே செய்த அன்றே தீர்ந்துபோகிறவை.

பட்டியல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று முரண்படும் பட்டியல்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, சோறும் சர்க்கரையுமாக மாதக்கணக்கில் சுருங்கிப் போகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. இந்தச் சிக்கலை உறுதியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. அதனால் முதலில் மருத்துவரிடம் போய் மற்ற காரணங்களை விலக்க வேண்டும். பிறகு சில வாரங்கள் மட்டும் உணவைக் குறைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி. எனக்கு ஆகாத சாக்லேட் உங்களுக்கு ஒத்துக்கொள்ளலாம். தொண்டை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விருந்துக்கு அழைப்பவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஐசிங் பூசுவதற்கு முன் ஒரு துண்டை வெட்டித் தனியே வையுங்கள். பேக்கரியில் சொல்லிச் செய்கிறீர்களா? ஸ்பாஞ்ச் என்றைக்குச் சுட்டது, எதெல்லாம் சேர்ந்தது என்று கேட்டு வாருங்கள். மிக்சர் கிண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.