அறச்சீற்றமும் சிலுவையும்: பொறுமையின் பெயரால் அநீதிக்குத் துணைபோகலாமா?

ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துரைக்க வாய் திறக்கும் வேளைகளிலெல்லாம், அவர்களுக்கு முதலில் வழங்கப்படும் அறிவுரை சினம் கொள்ளாதீர்கள் என்பதாகவே இருந்து வருகின்றது. இவ்வறிவுரை ஆலயப் பீடத்திலிருந்து வரும்போது அதன் பாரம் இரட்டிப்பாகின்றது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் மன்னித்துவிடுமாறு கேட்கப்படுகின்றது. மகனைக் கொண்டு சென்றவனிடமோ எதுவும் கேட்கப்படுவதில்லை. அத்தாயின் நெஞ்சில் எரியும் சினம் அவளது விசுவாசத்துக்கு எதிரான பாவமா? கிறிஸ்தவனாக இருப்பவன் சினம் கொள்ளவே கூடாதா? இக்கேள்விக்கு மழுப்பலின்றி விடை காணவேண்டியது அவசியமாகும்.

சினத்துக்கு எதிரான கிறிஸ்தவ மரபு வலுவானது என்பதை முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். தலையான பாவங்கள் ஏழினுள் சினமும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. மலைப்பொழிவிலே இயேசு, சகோதரன் மீது கொள்ளும் சினத்தைக் கொலைக்கு அருகில் வைத்துப் பேசுகின்றார். மனிதனின் சினத்தால் இறைவனின் நீதி நிறைவேறாது என்று யாக்கோபின் திருமுகம் எச்சரிக்கின்றது. மத்தேயு நற்செய்தியின் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில், காரணமின்றிச் சினம் கொள்பவனே தீர்ப்புக்குள்ளாவான் என்று பொருள்படும் ஒரு சொல் சேர்ந்திருக்கின்றது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாக வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு அச்சொல்லைத் தாங்கி நிற்கின்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவியான யோவான் காசியன், இச்சொல் பிற்சேர்க்கை என்று கூறி, காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறர்மீது சினம் ஆகாது என்று வாதிட்டார். தன் குற்றங்கள் மீது தானே சினம் கொள்வதை மட்டுமே அவர் அனுமதித்தார். தம் சினத்துக்குக் காரணம் இருப்பதாகவே எல்லா மனிதரும் எண்ணுவர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அவரது அச்சம் பொருளற்றதன்று.

ஆயினும் நற்செய்தி ஏடுகள் காட்டும் இயேசு சினமறியாதவர் அல்லர். மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், கை சூம்பிய ஒருவன் தொழுகைக்கூடத்தில் நிற்கின்றான். ஓய்வுநாளில் இயேசு அவனைக் குணப்படுத்தினால் குற்றஞ்சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கின்றனர். ஓய்வுநாளில் நன்மை செய்வது முறையா, தீமை செய்வது முறையா என்று அவர் வினவியபோது அவர்கள் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கண்டுதான் இயேசு சினம் கொண்டார் என்று மாற்கு எழுதுகின்றார். அவர்களுடைய உள்ளம் மரத்துப்போனதை எண்ணி வருந்தினார் என்பதையும் அதே வசனத்தில் சேர்த்தே எழுதுகின்றார். அச்சினத்தின் விளைவாக எவரும் தாக்கப்படவில்லை. சூம்பிய கை குணமானது. இங்கே சினமும் துயரமும் குணமாக்கலும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

எருசலேம் ஆலயத்தில் நாணயமாற்றுவோரின் மேசைகள் கவிழ்க்கப்பட்ட நிகழ்வை அறியாதார் இலர். அதே இயேசு, தம்மைக் கைதுசெய்ய வந்தவர்கள் மீது சீடன் வாளோங்கியபோது வாளை உறையிலிடச் சொன்னார். சிலுவையில் தொங்கியபோது கொலையாளிகளுக்காக மன்றாடினார். எனவே தனக்கு இழைக்கப்படும் தீங்கைச் சத்தமின்றித் தாங்கிக்கொள்வதே கிறிஸ்தவம் என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். அம்முடிவும் முழுமையானதன்று. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு மௌனம் காக்கவில்லை. தாம் பேசியதில் தவறிருந்தால் அதனை நிரூபிக்குமாறும், தவறில்லையெனில் எதற்காக அடித்தாய் என்றும் அவனிடமே விளக்கம் கேட்டார் என்று யோவான் பதிவுசெய்கின்றார். திருப்பி அடிக்காதிருப்பதற்கும் கேள்வி கேட்காதிருப்பதற்கும் இடையிலான தூரம் பெரிது. கிறிஸ்தவ அறச்சீற்றம் குடியிருக்கும் இடம் அந்த இடைவெளியே.

திருச்சபையின் சிந்தனையாளர்களும் இதனை உணர்ந்திருந்தனர். தீய நோக்கில் எழும் சினம் கண்ணைக் குருடாக்கும், அறத்தின் பொருட்டு எழும் சினமோ கண்ணைச் சற்றுக் கலக்கமுறச் செய்யும் என்று பாப்பரசர் பெரிய கிரகோரியார் வேறுபடுத்தினார். அச்சினம் பகுத்தறிவுக்கு எசமானியாகாமல் பணிப்பெண்ணாகப் பின்னே நடக்கவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் மேலும் ஒரு படி சென்று, சினம் கொள்ளவேண்டிய இடத்தில் கொள்ளாதிருப்பதும் குறைபாடே என்று கூறினார். ஔவையாரின் ஆத்திசூடி சினத்தைத் தணிக்கச் சொல்ல, பாரதியின் புதிய ஆத்திசூடி அதனைப் பழகச் சொல்கின்றது. இரண்டையும் ஏற்றுக்கொண்ட தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு புதியதன்று.

கோட்பாட்டளவில் இவ்வாறு தெளிவாகத் தோன்றும் விடயம், இரத்தம் சிந்தப்படும் களத்தில் எத்தனை கடினமானது என்பதைத் தென்னாபிரிக்காவின் வரலாறு உணர்த்தி நிற்கின்றது. அங்கே ஒடுக்கியவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் பெருமளவில் ஒரே வேதாகமத்தையே ஏந்தியிருந்தனர். டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் 1857ஆம் ஆண்டு மன்றம், சில வெள்ளையரின் பலவீனத்தைக் காரணங்காட்டி, இனவாரியான தனித்தனி வழிபாட்டை அனுமதித்தது. பலவீனத்துக்கான சலுகையாகத் தொடங்கியது காலப்போக்கில் இறையியல் கோட்பாடாகவே மாறி, 1948இல் ஆட்சிக்கு வந்த நிறவெறி அரசுக்கு ஆசீர்வாதமாக அமைந்தது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுமாறு கூறும் உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் கறுப்பின மக்களை அடக்கும் கருவியாயிற்று.

1985ஆம் ஆண்டு யூன் 27ஆம் நாள், கிரடொக் என்னும் சிறு நகரைச் சேர்ந்த மத்தியூ கொனிவே, போர்ட் கலாட்டா, ஸ்பரோ ம்கொன்டோ, சிசெலோ ம்லவுலி ஆகிய நால்வரும் போர்ட் எலிசபெத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் பாதுகாப்புப் பொலிஸாரால் கடத்திக் கொல்லப்பட்டனர். அவர்களது உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன. யூலை 20ஆம் நாள் நடைபெற்ற இறுதிச் சடங்கில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். அன்றைய தினமே அரசுத் தலைவர் போத்தா அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார்.

அதே யூலை 20ஆம் நாளில் இன்னொரு கொலையும் நிகழ்ந்தது. டுடுசா என்ற குடியிருப்பில், மாக்கி ஸ்கொசானா என்ற இளம் தாய் ஒருவர் அரசின் உளவாளி என்ற சந்தேகத்தின் பேரில் ஆத்திரமுற்ற கூட்டத்தினரால் அடித்து எரித்துக் கொல்லப்பட்டார். அவர் உளவாளியல்லர் என்பது பின்னாளில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் வெளிப்பட்டது. நியாயமான காரணத்தில் பிறந்த சினம், பகுத்தறிவை முந்திக்கொண்டு ஓடினால் எவரைத் தின்னும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. காசியனின் அச்சம் டுடுசாவில் மெய்யாயிற்று.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நடுவே நின்றவர் ஆயர் டெஸ்மண்ட் டுட்டு. ஸ்கொசானா கொல்லப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர், அதே டுடுசாவில் உளவாளி எனக் கருதப்பட்ட ஒருவரைக் கூட்டத்தினர் எரிக்க முற்பட்டபோது, டுட்டுவும் அவருடன் நின்ற ஆயர்களும் இடையில் புகுந்து அவரைக் காப்பாற்றினர். ஸ்கொசானாவின் கொலைக்குப் பின், இத்தகைய செயல்கள் தொடருமாயின் குடும்பத்துடன் நாட்டைவிட்டே வெளியேறிவிடுவதாக அவர் தம் மக்களிடம் கடுஞ்சொற்களில் எச்சரித்தார். நிறவெறி அரசின் மீது அவர் கொண்ட சினம் அதனால் கடுகளவேனும் குறைந்துவிடவில்லை. அநீதிக்கு எதிராக எழுந்த குரல், தன் பக்கத்தில் அநீதி நிகழ்ந்தபோதும் அதே வலுவுடன் ஒலித்தது. அறச்சீற்றத்தை இனச் சீற்றத்திலிருந்து பிரித்தறியும் உரைகல் இதுவே.

அவ்வாண்டு செப்டெம்பரில் 150க்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் கையொப்பமிட்டு வெளியிட்ட கைரோஸ் ஆவணம், நிறவெறியை நியாயப்படுத்திய அரச இறையியலை மட்டும் கண்டிக்கவில்லை. சமாதானம், நல்லிணக்கம், அகிம்சை ஆகிய நல்ல சொற்களை ஆராய்வின்றி உச்சரித்துக்கொண்டிருந்த திருச்சபை இறையியலையும் அது கடுமையாக விமர்சித்தது. மனமாற்றமும் நீதியும் இல்லாத இடத்தில் நல்லிணக்கம் பேசுவது ஒடுக்குபவனுக்கே துணைநிற்பதாகும் என்பது அதன் மைய வாதம். அரசு உரோமையர் 13ஐ மேற்கோள் காட்டியபோது, கொடுங்கோல் அரசை விலங்காக உருவகிக்கும் திருவெளிப்பாடு 13ஐ அவ்வாவணம் சுட்டிக்காட்டியது. அன்று அதனை எதிர்த்தவர்கள், அது சினத்தில் எழுதப்பட்டது என்று குறைகூறினர். பிள்ளைகளின் உடல்களைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் வேறெந்த மனநிலையில் எழுதியிருக்கவேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

நிறவெறி வீழ்ந்தபின் டுட்டுவின் தலைமையில் 1996இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அமர்வுகளைத் தொடங்கியது. கிழக்கு லண்டன் நகரில் நடைபெற்ற முதல் அமர்வில் போர்ட் கலாட்டாவின் துணைவியார் நொமொண்டே சாட்சியமளிக்கையில் கதறிய குரல் அந்நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. உண்மையை முழுமையாக ஒப்புக்கொள்பவர்களுக்கே பொதுமன்னிப்பு என்பது ஆணைக்குழுவின் விதி. கிரடொக் கொலைகளுக்காகப் பொதுமன்னிப்புக் கோரிய முன்னாள் பொலிஸார் அறுவருக்கும் 1999இல் அது மறுக்கப்பட்டது. ஆயினும் அவர்களுள் எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. அறுவரும் தண்டனையின்றியே இறந்துபோயினர். கொலைகள் நிகழ்ந்து 40 ஆண்டுகள் கழிந்த பின், 2025 யூனில் மரண விசாரணை மீண்டும் ஆரம்பமானது. வழக்குகள் ஏன் முடக்கப்பட்டன என்பதை ஆராயவும் அதே ஆண்டில் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. இவை எவராலும் தாமாக வழங்கப்பட்டவையல்ல. குடும்பங்கள் அரசுக்கு எதிராகவே நீதிமன்றம் சென்று போராடிப் பெற்றவை.

பொழுது சாயும்வரை சினத்தை வைத்திருக்கவேண்டாம் என்று எபேசியர் திருமுகம் பணிக்கையில், 40 ஆண்டுகள் சினந்திருப்பது எவ்வாறு முறையாகும் என்று இங்கே ஒருவர் வினவலாம். அத்திருமுகம் சினத்தையே தடைசெய்யவில்லை. அது நஞ்சாகப் புளித்துப்போக இடங்கொடுப்பதையே தடைசெய்கின்றது. அன்றன்றைய சினம் அன்றன்றைய கடமையாக, ஒரு மனுவாக, ஒரு சாட்சியமாக, ஒரு வழக்காக உருமாறுமாயின் அது வன்மமாக உறைவதில்லை. அவ்வாறே, மன்னிப்பு என்பது காயமுற்றவர் மனமுவந்து வழங்கும் கொடை. அதனைக் கட்டளையிட்டுப் பெற அரசுக்கோ ஆயர்களுக்கோ உரிமையில்லை. மன்னித்துவிட்ட ஒருவரும் நீதி விசாரணையைக் கோரலாம். நீதிமன்றத்தை நாடுவது பழிவாங்கல் அன்று; பழிவாங்கலைத் தன் கையில் எடுக்க மறுப்பதே அது.

இவ்விடத்தில் ஈழத்தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மன்னார் மறைமாவட்டத்தின் முன்னாள் ஆயர் இராயப்பு யோசேப்பு நினைவுக்கு வருவது இயல்பே. 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது வசைமொழியன்று. ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் அரச அலுவலகப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தோர் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்களாகக் கணக்கிடப்பட்டோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. 2021 ஏப்ரல் முதலாம் நாள் அவர் மறையும்வரை அரசு அதற்கு நிறைவான விடையளிக்கவில்லை. அடித்தவனிடம் ஏன் அடித்தாய் என்று விளக்கம் கேட்ட நாசரேத்தூர் மனிதரின் வழியில் வந்த சினம் அது. அதில் குரல் உயரவில்லை. எண்கள் மட்டுமே பேசின.

ஆகவே அறச்சீற்றம் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு ஒவ்வாதது அன்று. ஆனால் அது சில கேள்விகளுக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டே ஆகவேண்டும். இச்சினம் உண்மையை விசாரித்தறிந்த பின் எழுந்ததா, அதற்கு முன்னரே எழுந்ததா? தன் பக்கத்தவர் இழைக்கும் அநீதியையும் இது கண்டிக்கின்றதா? சினத்துடன் துயரமும் கலந்திருக்கின்றதா, அல்லது பகைவனின் அழிவில் களிப்பு மட்டுமே மிஞ்சுகின்றதா? இறுதியில் இதனால் ஒரு சூம்பிய கையாவது குணமாகின்றதா? இவற்றுக்கு நேர்மையுடன் விடையளிக்கக்கூடிய சினத்தை அடக்கும்படி கூற எந்தப் பீடத்துக்கும் உரிமையில்லை.

அன்று தொழுகைக்கூடத்தில் இயேசுவின் சினத்துக்கு உள்ளானவர்கள் ஆத்திரமுற்றுக் கூச்சலிட்டவர்கள் அல்லர். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் வாய்மூடி அமர்ந்திருந்தவர்களே. அழுகின்ற தாய்மாரிடம் அமைதியை மட்டும் வேண்டிநிற்கும் திருச்சபைகள், தாம் அந்தக் கூடத்தில் எந்த வரிசையில் அமர்ந்திருக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பது காலத்தின் கட்டாயமாகும்.