உபயம்: யாரோ

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஒரு டியூப்லைட் உண்டு. பாதி வெளிச்சம்தான் வரும். மீதியில் 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், கடைப் பெயர் எல்லாம் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். ஐந்நூறு ரூபாய் லைட்டுக்கே இப்படி. கட்சிகளுக்குக் கோடிக்கணக்கில் உபயம் செய்தவர்கள் பெயர் மட்டும் ஆறு வருஷம் நமக்குத் தெரியாமல் இருந்தது.

தேர்தல் பத்திரத்தைத்தான் சொல்கிறேன். 2018 ஜனவரியில் அறிவிக்கை வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் மட்டும் விற்பனை. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை வாங்கலாம். பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது. கட்சிக்காரர்கள் 15 நாளுக்குள் கணக்கில் கட்டிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய வருஷமே இன்னொரு வேலையும் நடந்தது. மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் கட்சிக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. நஷ்டத்தில் இருக்கிறவன் எதை நம்பிக் கொடுக்கிறான்? கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்.

நான் பாங்கில் இருந்தபோது, முப்பதாயிரம் பயிர்க்கடனுக்கு வந்த விவசாயியிடம் சிட்டா, அடங்கல், ஜாமீன்தார் எல்லாம் கேட்டிருக்கிறேன். "நாலு தலைமுறையா இதே வயல்தான் சார்" என்பார். "ரூல் இருக்குய்யா" என்பேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2024 பிப்ரவரி 15 அன்று களத்தில் தூயமல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பையன் போன் செய்து, உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னான். விவரம் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. வாங்கியவர் கணக்கு ஒரு பக்கம், கட்சிக் கணக்கு இன்னொரு பக்கம், பொருத்திப் பார்க்க நாளாகுமாம். சிரித்துவிட்டேன். ஒரு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி பத்து மணிவரை வீட்டுக்குப் போகாமல் லெட்ஜரைப் புரட்டியவர்கள் நாங்கள்! மார்ச் 11-ல் கோர்ட் மறுத்தது. மறுநாளே பட்டியல் போய்ச் சேர்ந்தது.

பட்டியலில் முதலிடம், கோயம்புத்தூர்க்காரரின் லாட்டரிக் கம்பெனியான ஃபியூச்சர் கேமிங்குக்கு. 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கு. லாட்டரியை நாம் 2003-லேயே தடை செய்துவிட்டோம், அந்தப் பணத்தைத் தடை செய்யவில்லை. மொத்தத்தில் அதிகம் வாங்கியது பாஜக, 6,000 கோடிக்கு மேல். கம்யூனிஸ்டுகள் பத்திரம் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹைதராபாத் மேகா இன்ஜினியரிங் 966 கோடி கொடுத்தது. இன்னோர் இடத்தில் வெஸ்டர்ன் யூபி பவர் டிரான்ஸ்மிஷன் என்று 220 கோடி. பெயர் வேறு, குழுமம் ஒன்றுதான். பெரிய கடன் கொடுக்கும்போது ஒரே குழுமத்துக் கம்பெனிகளைச் சேர்த்து ஒரே கடன்காரராகத்தான் பாங்க் பார்க்கும். உபயத்தையும் அப்படிக் கூட்டிப் பார்த்தால்தான் யார் கை நீளம் என்று தெரியும்.

நம் டெல்டாவுக்கு வருகிறேன். அதே பட்டியலில் வேதாந்தா சுமார் 400 கோடி. பாஜக, காங்கிரஸ் இரண்டுக்குமே போயிருக்கிறது. வேதாந்தா குழும நன்கொடை வாங்கியதில் இந்த இரு கட்சிகளும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பளித்தது. என்ன செய்தார்கள்? 2016-ல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். போதாமல் 2018-ல் அதை 1976 வரை பின்னுக்குத் தள்ளினார்கள். விவசாயி வட்டித் தள்ளுபடிக்கு ஒரு மாசம் பிந்தினால் போச்சு!

அதே 2018-ல்தான் காவிரிப் படுகையில் ஹைட்ரோகார்பன் எடுக்க வேதாந்தாவுக்கு இரண்டு வட்டாரம் கிடைத்தது. உபயத்துக்குப் பதிலாகக் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, ஏலத்தில் எடுத்தார்கள். ஆனால் நாம் கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் ரோட்டில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. நம்மாழ்வார் ஐயா மீத்தேனை எதிர்த்துப் பேச வந்த இடத்தில்தான், பட்டுக்கோட்டைப் பக்கம், 2013-ல் கண்மூடினார். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது நம் சத்தத்தால்தான்.

பத்திரம் போனாலும் தேர்தல் அறக்கட்டளைகள் இருக்கின்றன. பல கம்பெனிப் பணம் ஒரே குண்டானில் விழுந்து கட்சிகளுக்குப் பிரிகிறது, எந்த அரிசி எந்த இலைக்குப் போனது என்று தெரியாது. ஆனால் யார் போட்டார், யார் எடுத்தார் என்ற கணக்கைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இணையத்தில் கிடைக்கிறது. நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், கண்ணாடி எடுத்து வாருங்கள், எழுத்து பொடி.